வேலியில் காய்த்தது, பானையில் விழுந்தது

தமிழ் அடுக்களையின் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: கூட்டு, பொரியல், வறுவல், வதக்கல், துவட்டல், மசியல், கடைசல், துவையல், அவியல். ஒன்றில்கூடக் காயின் பெயர் இல்லை. எல்லாம் கை செய்கிற வேலையின் பெயர். கூட்டவும் பொரிக்கவும் மசிக்கவும் கடையவும் தெரிந்த கைக்கு எந்தக் காய் என்பது பிறகு வருகிற கேள்வி. புடலங்காய்க் கூட்டு, பூசணிக்காய்க் கூட்டு என்று அந்தச் சொல் கடைசி நேரத்தில் முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். சாம்பார் மாதிரி சில பெயர்கள் இந்த வரிசைக்கு வெளியே நிற்கின்றன. வினை வீட்டில் இருக்கிறது, பெயர் வயலிலிருந்து வருகிறது என்பதுதான் இங்கே விஷயம். ஆட்கள் வந்து நின்றபின் வேலியையும் கூடையையும் பார்த்துவிட்டு உலை வைக்கிற பழக்கத்தை ஒரு சாரார் வறுமையின் சமாளிப்பு என்கிறார்கள். இன்னொரு சாரார் அதைச் செய்முறைக் குறிப்பைப் பார்க்காமல் சமைக்கும் புதுக் கற்பனை என்று கொண்டாடுகிறார்கள். இரண்டு பேருமே அதன் வயதைக் குறைத்துச் சொல்கிறார்கள். அது விதிகள் உள்ள பழைய முறை. அதை வளர்த்தது மானாவாரி நிலம். எழுதி வைத்த அளவும் பட்டியலும்தான் பின்னால் வந்தவை. இதைச் சொல்வதற்குக் காவிரிக் கரைப் பந்திகளைவிடத் தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி நல்ல இடம்.

பெயரைப் பிரித்துப் பார்த்து, இது அக்கிரகாரச் சமையலின் ஊர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பென்னாகரம் வட்டத்தில் உள்ள இந்தப் பேரூரைச் சுற்றிக் கிடப்பது செம்மண் மேடு. அதே வட்டத்தில்தான் ஒகேனக்கல்லில் காவிரி கொட்டுகிறது. ஆனால் பள்ளத்தில் ஓடுகிற ஆறு மேட்டு நிலத்தின் தாகத்தைத் தீர்த்ததில்லை. ஏரி, கிணறு, வானம் என்றுதான் இங்கே விவசாயம் நடந்தது. நெல்லுச்சோறு விசேஷ நாளுக்கு. அன்றாடத்துக்குக் கேழ்வரகு, சாமை, கொள்ளு, துவரை, அவரை. ஆடியில் விதைத்த கேழ்வரகு கார்த்திகையிலும் மார்கழியிலும் அறுப்புக்கு வரும். அதைத் தனிப்பயிராக விதைக்கும் வழக்கம் பழையதல்ல. சில சால் கேழ்வரகுக்கு நடுவே ஒரு சால் அவரையோ துவரையோ போட்டு, ஓரங்களில் ஆமணக்கும் கடுகும் விடுவார்கள். எல்லைக்கு அப்பால் கன்னட நாட்டில் இந்த இடைச்சாலுக்கு அக்கடி என்று பெயர். முன்மழை ஏமாற்றினால் கேழ்வரகு சாவியாகும், துவரை நிற்கும். பின்மழை நன்றாகப் பெய்தால் அவரை அள்ளிக் கொடுக்கும். மழைக்கு ஜாமீன் கேட்க முடியாத காலத்தில் உழவர் கண்ட ஏற்பாடு இது. ஆடியில் விதைக்கும்போது தைமாதக் குழம்பில் என்ன மிதக்கும் என்று யாராலும் சொல்ல முடியாத நிலத்தில், இன்ன குழம்புக்கு இன்ன காய் என்று முடிவாக எழுதிவைக்க முடியுமா? வயலே கலந்து கொடுத்ததை அடுப்பு தனித்தனியாகப் பிரித்துக்கொண்டிருக்கவில்லை.

இந்தக் கலப்பு எவ்வளவு பழையது என்பதற்குக் குறுந்தொகையின் 82-ஆம் பாட்டு சாட்சி. குறவன் சிறுதினை அறுத்த புனத்தில் அவரைக்கொடி பூத்துக் கிடக்கிற கடும்பனிக் காலம் அதில் வருகிறது. பிரிந்துபோனவன் அந்தப் பருவத்திலும் வந்து சேரவில்லை என்பது தலைவியின் குறை. பாட்டின் துயரம் நமக்கு வேண்டாம், பயிர்க்கணக்கு மட்டும் போதும். தானியம் போன நிலத்தில் அவரை, அதுவும் பனிக்காலத்தில். இன்றைய தாவரவியலும் அதையே சொல்கிறது. நாட்டு அவரை பகல் குறுகினால்தான் பூக்கும் இனம். எப்போது விதைத்தாலும், பொழுது சீக்கிரம் சாயத் தொடங்கிய பிறகுதான் அது மொட்டு விடும். ஆகவே மார்கழியும் தையும் அவரையின் மாதங்கள் என்பது வெறும் வழக்கத்தால் வந்ததல்ல, செடியே போட்ட விதி.

அந்த இரண்டு மாதங்களில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் நடக்கிற ஒரு வேலையைக் கிட்டத்தில் பார்த்தால் மற்றதெல்லாம் விளங்கும். காய் முற்றி, ஆனால் உலராத பதத்தில் இருக்கிற அவரையை உரித்துக் கொட்டையைத் தண்ணீரில் போடுவார்கள். ஓர் இரவு ஊறினால் தோல் உப்பித் தளர்ந்துவிடும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்தினால் வழவழவென்று பருப்பு துள்ளி வட்டிலில் விழும், தோல் விரலிலேயே நிற்கும். இதுதான் பிதுக்குப் பருப்பு. பெங்களூர்க்காரர்களின் ஹிதக்கித பேளெயும் இதே பொருள்தான், அதே பெயர்தான். ஒரு கொட்டைக்கு ஒரு பிதுக்கல். நாலு பேர் சாப்பிடுகிற குழம்புக்கு நூற்றுக்கணக்கில் பிதுக்க வேண்டும். ஓர் ஆள் உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துவிடும். அதனால் இது தனியாகச் செய்கிற குழம்பே அல்ல. பக்கத்து வீட்டுக்காரி, வந்த உறவு, திண்ணையில் இருந்த கிழவர், ஓடிவந்த பிள்ளை என்று வட்டிலைச் சுற்றி ஆள் சேர்ந்தால்தான் நடக்கும். சாப்பிட வந்தவர்களே சமைப்பவர்களாகவும் ஆகிறார்கள். தேங்காய், கொத்தமல்லி, இஞ்சி, பூண்டு அரைத்து ஊற்றிக் கொதிக்கிற அந்தக் குழம்பில் கூடப் போடுவது கத்தரிக்காயா, முள்ளங்கியா, உருளைக்கிழங்கா என்பதில் வீட்டுக்கு வீடு பேச்சு மாறும். பருப்பு காலத்தின் கட்டளை, துணைக்காய் கூடையின் விருப்பம். நிலையானதும் மாறுவதும் ஒரே சட்டியில் கிடக்கின்றன.

இருப்பதை வைத்துச் செய்வதென்றால் எதையும் எதோடும் போட்டுக் கிளறுவது என்று நினைப்பவர்கள் களியைப் பார்க்க வேண்டும். கேழ்வரகுக் களியை மெல்லுவதில்லை. விரலால் பிய்த்து, குழம்பில் புரட்டி, வழுக்கிக்கொண்டு உள்ளே போக விடுவதுதான் அதைச் சாப்பிடும் விதம். உலர்ந்த பொரியல் அதற்குத் துணை வராது. வழவழப்பும் காரமும் புளிப்பும் உள்ள ஒன்று வேண்டும். அதனால்தான் களி உண்ணும் நாட்டில் கடைசலுக்கு இவ்வளவு மரியாதை: கீரையானாலும் பருப்பானாலும் கத்தரிக்காயானாலும் மத்தால் கடைந்து குழைத்துவிடுவார்கள். அதாவது தானியம் வினையைத் தேர்ந்தெடுக்கிறது, வினை காயைத் தேர்ந்தெடுக்கிறது. அதற்குக் கீழே இன்னும் சின்ன விதிகள் பல. சுரைக்கும் பூசணிக்கும் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, அவையே விடும். வெண்டையின் கோழை புளியில் அடங்கும். பாகலுக்குப் புளியோடு கொஞ்சம் வெல்லம். காய் வேகும் முன் புளியை ஊற்றக் கூடாது. ஊற்றினால் கடைசிவரை நறுக்கென்றே இருக்கும். புளிப்பு காயின் சுவர்களை இளகவிடாது என்று வேதியியல் விளக்கும் முன்பே இது கைகளுக்குத் தெரிந்திருந்தது. இலக்கணம் தெரிந்தவன் புது வாக்கியம் பேசுவது போலத்தான் இந்தச் சமையல். சொற்கள் அன்றைக்குக் கிடைத்தவை, இலக்கணம் பாட்டிகாலத்தது.

பாட்டிகாலம் என்பது கொஞ்சம் அடக்கமான சொல். திருப்பத்தூர்ப் பக்கத்துப் பையம்பள்ளியில் 1960-களில் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில், புதிய கற்கால அடுக்குகளிலிருந்து கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. இன்றைக்கும் இந்த மேட்டு நிலம் தைரியமாக நம்புகிற பயறுகள் அவை. இலக்கியத்துக்கு வந்தால், அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி. நெல்லிக்கனி கதை எல்லாருக்கும் தெரியும். அவன் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று புறநானூறு சொல்வது அவ்வளவு பேருக்குத் தெரியாது. வெளியிலிருந்து ஒரு பயிர் வந்ததை ஒரு குலத்தின் பெருமையாகப் பாடுகிற மண் இது. அதைப் பிறகு நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். ஔவையின் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்றில், புல்வேளூர்ப் பூதன் இட்ட வரகுச்சோறும் கத்தரிக்காயும் புளித்த மோரும் உலகத்துக்கே ஈடாகப் புகழப்படுகின்றன. அந்த ஔவை அதியமானின் தோழி அல்ல, பல நூற்றாண்டு பிந்தியவர். ஆனாலும் வீட்டில் இருந்ததை இட்டவனை விருந்தோம்பலின் உச்சத்தில் வைக்கிற மனம் தமிழில் நீண்ட காலம் இருந்தது என்பதற்கு அது போதும்.

இதற்கு நேர் எதிரான சாட்சியும் உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. சிறுபாணாற்றுப்படையில் பாணன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அதைச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்ணும்போது வெளியார் கண்ணில் படக்கூடாதென்று வாசலை அடைத்துக்கொள்கிறாள். கிடைத்ததை வைத்துச் சமைத்து, இருந்தவர்களோடு பகிர்ந்தாள் என்பது உண்மை. வெட்கப்பட்டாள் என்பதும் உண்மை. ஆகவே முதல் ஆட்சேபம் வலுவானது: இல்லாதவனின் சமாளிப்பை முறை என்றும் கலை என்றும் பெயர் வைத்து அழகுபடுத்துகிறீர்களா? தருமபுரி அன்றைக்குச் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1871 குடிமதிப்பில் அந்த மாவட்டத்து மக்கள் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம் பேர்; 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, 1881-இல் எண்ணியபோது 16 லட்சம். வேலிக்கீரையும் காட்டுக்கிழங்கும் இன்னதென்று அடையாளம் தெரிந்தது அந்த வருஷங்களில் உயிர்ப் பிரச்சினை. பசி கற்றுக்கொடுத்த அறிவு இந்தச் சமையலுக்குள் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் பாணன் மனைவியின் கீரையில் எது இல்லை என்று கவனியுங்கள். உப்பு இல்லை. பாடியவர் அந்த ஒரு குறையைச் சொல்லியே வறுமையைக் காட்டிவிடுகிறார். கீரை இருப்பது வறுமை அல்ல, உப்பில்லாதது வறுமை. முறை எது, முறை உடைந்துபோன நிலை எது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. வசதி வந்த பிறகும் மக்கள் அதே கீரையை உப்பும் பூண்டும் போட்டுக் கடைந்து விருந்தாளிக்கு வைக்கிறார்கள். பசி தீர்ந்தும் பழக்கம் நின்றால், அதற்குப் பசி மட்டும் காரணம் ஆகாது.

வசதியுள்ள வீடுகளின் சடங்குச் சமையலும் இதே கட்டில்தான் நிற்கிறது. மார்கழித் திருவாதிரைக்கு இனிப்புக் களியோடு ஏழுகறிக் கூட்டு அல்லது தாளகக் குழம்பு வைப்பார்கள். பொங்கலன்று பல காய் போட்ட குழம்பு. காய்கள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், ஏழோ ஒன்பதோ பதினொன்றோ. எந்த ஏழு என்று கேட்டால் விடை கறாராக வராது. அவரை, மொச்சை, பூசணி, சர்க்கரைவள்ளி, சேப்பங்கிழங்கு, வாழைக்காய், கத்தரி என்று அந்தப் பருவத்தில் மலிந்தவை வரும். ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்று உட்காரும். எண்ணிக்கையைக் கட்டாயமாக்கிவிட்டு, பெயர்களைப் பருவத்திடம் விட்டுவிட்ட சடங்கு இது. புரட்டாசிச் சனிக்கிழமைத் தளிகையும் அப்படித்தான். நாமம் இட்டு, சொம்பு ஏந்தி, கோவிந்தா சொல்லி வீடு வீடாகப் போய் வாங்கிய அரிசி ஒரே பானையில் பொங்கும். துணைக்கு வீட்டில் இருந்த காய்கள். பல வீட்டு அரிசி, ஒரு வீட்டுக் காய், சாப்பிட அக்கம்பக்கம் முழுவதும். சேலம், தருமபுரிப் பக்கத்தில் சைவம் என்பது பலருக்குப் பிறவி அடையாளமாக இல்லாமல் கிழமையின், மாதத்தின் அடையாளமாக இருக்கிறது. கறி தின்கிற வீடு புரட்டாசி முழுக்க அதைத் தொடாது. அந்த மாதத்தில் மரக்கறிச் சமையலின் சாமர்த்தியம் முழுவதும் வெளியே வந்துதான் ஆகவேண்டும்.

பழமை மாறாதது என்று நினைக்கிறவர்களுக்குத் திதிச் சமையல் நல்ல பாடம். சிராத்தத்துக்கு மிளகாய் ஆகாது, மிளகுதான். தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், காரட், பீன்ஸ் ஆகாது. அவரை, புடலை, பாகல், வாழை, சேனை, சேம்பு ஆகும். இந்த விலக்குப் பட்டியலை விரித்துப் பார்த்தால், போர்த்துகீசியர் கப்பலுக்கும் ஆங்கிலேயர் தோட்டத்துக்கும் முந்திய தமிழ் அடுக்களையின் படம் ஏறக்குறைய அப்படியே கிடைக்கும். ஏறக்குறைய என்றுதான் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த சர்க்கரைவள்ளி எப்படியோ பல வீடுகளில் பித்ருக்களின் இலைக்குள் நுழைந்துவிட்டது, யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. மற்ற 364 நாளும் அதே வீடுகள் மிளகாயைக் கிள்ளித் தாளிக்கின்றன. மிளகின் பெயரைத் தழுவியே மிளகாய்க்குப் பெயர் வந்தது. வேலியோரத்துச் சிறுகனிக்கு இருந்த தக்காளி என்ற பெயரைச் சீமையிலிருந்து வந்த பெரிய பழம் பறித்துக்கொள்ள, பழையது மணத்தக்காளி என்று அடைமொழி தேடிக்கொண்டது. பெங்களூர்க் கத்தரிக்காய் என்ற பெயரில் மெக்சிகோவின் சௌசௌ கூட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. வினைகளின் வரிசை மட்டும் மாறவில்லை. புதுக்காய் வந்ததும் புது வகைப் பண்டம் பிறக்கவில்லை. பழைய பொரியலுக்குள், பழைய கூட்டுக்குள் அதற்கு இடம் கிடைத்தது. கரும்பு கொண்டுவந்தவனைப் பாடிய மண்ணுக்கு இது சிரமமான காரியம் இல்லை.

இவ்வளவு பழைய முறைக்கு ஏன் எழுத்துச் சான்று குறைவு என்பது அடுத்த கேள்வி. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து, இந்தப் பகுதி அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தது. கும்பினி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்தார்கள். பின்னால் ரயத்துவாரி என்று சென்னை மாகாணமெங்கும் பரவிய முறைக்கு இங்கேதான் நாற்றங்கால். தருமபுரியில் தங்கியிருந்த மன்றோ தாம் போட்ட தோட்டத்தைப் பற்றிக் கடிதங்களில் ஆசையாக எழுதியவர், காய்கறி அருமை தெரியாதவர் அல்ல. ஆனால் வரிக்கணக்கு என்பது வயலைப் பார்க்கும், வேலியைப் பார்க்காது. கேழ்வரகும் நெல்லும் ஏடு ஏறும். கூரைமேல் படர்ந்த சுரைக்கும் கிணற்றடியில் கழுநீர் குடித்து வளர்ந்த கீரைக்கும் பத்தி ஒதுக்க எந்த அதிகாரிக்கும் காரணம் இல்லை. அந்தப் பக்கத்தை நடத்தியவர்கள் பெண்கள்; அவர்கள் ஏடு எழுதவில்லை. பதிவில் இல்லை என்பதால் முறையே இல்லை என்று சொல்வது, வரி போடாததெல்லாம் விளையவில்லை என்று சொல்வதைப் போன்றது. எழுத்து வந்தபோது வேறு தேவைக்காக வந்தது. மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-இல் வெளிவந்தது, ஆழாக்கு, பலம் என்று அளவு போட்டு. கல்யாணமாகி டில்லிக்கும் பம்பாய்க்கும் போகிற பெண்ணுக்குப் பக்கத்தில் கைப்பக்குவம் சொல்ல ஆள் இல்லை, வேலியும் இல்லை, பழகிய சந்தையும் இல்லை. அப்போதுதான் அளவு தேவைப்பட்டது. ஊரை விட்டுப் போனவளுக்குக் கிடைத்த ஊன்றுகோல் அந்தப் புத்தகம்; பிறகு வந்த தலைமுறை, ஊன்றுகோல் இல்லாமல் யாரும் நடந்ததே இல்லை என்று நினைத்துக்கொண்டது.

வந்து நின்றவர்களுக்குச் சமைப்பது என்று சொல்லும்போது, யார் யாரோடு உட்காரலாம் என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. பாப்பாரப்பட்டியின் பெயரை வரலாற்றில் நிறுத்தியவர் சுப்பிரமணிய சிவா. வத்தலக்குண்டில் பிறந்து, 1908-இல் வ.உ.சி.யோடு சிறை சென்று, அங்கே தொற்றிய தொழுநோயால் ரயிலேற அனுமதி மறுக்கப்பட்டு, கால்நடையாகவும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகப் போன மனிதர். இங்கே பாரத ஆசிரமம் அமைத்தார். சாதி வேறுபாடு பாராமல் எல்லாரும் வணங்கப் பாரதமாதா கோயில் கட்ட நினைத்தார். 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கோயில் எழும் முன்பே, 1925 ஜூலை 23-இல், நாற்பது வயதில் இதே ஊரில் சிவா இறந்தார். அதே காலத்தில் தெற்கே சேரன்மாதேவியில், வ.வே.சு. ஐயரின் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியாகச் சாப்பாடு போட்டது நாட்டையே கலக்கிக்கொண்டிருந்தது. சேலத்து வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். காங்கிரஸ் அதில் விரிசல் கண்டது. குருகுலத்தில் பரிமாறியது சைவச் சாப்பாடுதான். காய்கறிச் சோறு என்பதால் பந்தி தானாக ஒன்றாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பழைய வழக்கத்தில் பச்சை அரிசியும் பருப்பும் காயும் சாதிக் கோட்டைத் தாண்டும். அதே அரிசி வெந்து சோறானதும் நின்றுவிடும். மேல்சாதி வீட்டார் யாரிடமிருந்தும் படியரிசி வாங்கலாம், எல்லாரிடமும் சாப்பிட முடியாது. இந்தப் பின்னணியில் கூட்டாஞ்சோறு வேடிக்கையான ஒரு காரியத்தைச் செய்கிறது. ஆளுக்கு ஒரு பிடி அரிசி, ஒரு காய், ஒரு கரண்டி பருப்பு என்று பச்சையாகக் கொண்டுவந்து, மரத்தடியில் மூன்று கல் கூட்டி, ஒரே பானையில் வேகவைக்கிறார்கள். தாண்டக்கூடியதாக வந்தவை எல்லாம் சேர்ந்து, தாண்டக்கூடாததாக மாறிவிடுகின்றன. வெந்தபின் யார் அரிசி யாருடையது என்று பிரிக்க முடியாது. இதைப் பெரும்பாலும் குழந்தைகளின் விளையாட்டாகவே ஊர் அனுமதித்தது என்பது கவனிக்கத்தக்கது. வளர்ந்தவர்கள் செய்திருந்தால் பஞ்சாயத்து கூடியிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்தில் இதே பெயரில் அரிசி, பருப்பு, முருங்கைக்கீரை, பருவக்காய் எல்லாம் ஒன்றாக வெந்த வீட்டுச் சாப்பாடு இருக்கிறது. பெயர் வீட்டுக்குள் வந்தது. கலப்பு வந்ததா என்பது வீட்டுக்கு வீடு வேறு. ஆகவே இந்த முறையைச் சமத்துவச் சமையல் என்று புகழ எனக்குத் துணிவில்லை. எந்தக் காயையும் ஏற்றுக்கொண்ட பானை, எல்லாக் கையையும் ஏற்றுக்கொள்ளவில்லை.

இனி மிச்சமிருப்பது எளிதான ஆட்சேபம்: எல்லாக் காயும் எல்லா மாதமும் கிடைக்கிறபோது பருவம் பார்த்துச் சமைப்பது வீம்புதானே? பாலக்கோட்டுத் தக்காளிச் சந்தை ஆண்டு முழுவதும் நடக்கிறது. விலை ஏறினால் வாங்குகிறவர் அழுவார், இறங்கினால் விளைவித்தவர் அழுவார், தக்காளி மட்டும் நிற்காமல் வரும். மாசி, பங்குனியில் உலுக்கிய புதுப்புளி, சித்திரையில் மாங்காய், பிறகு பழம்புளி என்று மாதத்துக்கு மாதம் மாறிய புளிப்பின் இடத்தில் இப்போது பன்னிரண்டு மாதமும் ஒரே புளிப்பு. அரிசியும் அப்படித்தான். 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசமாக வந்தது. களி கிண்டுகிற நாட்கள் அதற்கு முன்பே குறையத் தொடங்கியிருந்தன. சோறு வந்ததும் கடைசலுக்கு இருந்த கட்டாயம் தளர்ந்தது, தானியம் வினையைத் தேர்ந்தெடுக்கும் என்ற விதியின்படி. 2023-இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் சோதனை முயற்சியாக அட்டைக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். கேழ்வரகு திரும்பி வந்தது, அதன் இடைச்சாலில் நின்ற அவரை கூடவே வரவில்லை. ரேஷன் கடையில் தானியம் தனியாகத்தான் வரும். பாப்பாரப்பட்டியிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. சிறுதானியத்தோடு ஊடுபயிர் போடுங்கள் என்று இன்றைக்கு விஞ்ஞானிகள் பரிந்துரைப்பதைக் குறுந்தொகைக் குறவனுக்குச் சொன்னால் அவன் சிரிப்பான்.

பருவத்தை வீம்பு என்பவர்களுக்கு அவரையிடமே பதில் இருக்கிறது. பகல் நீளத்தைச் சட்டை செய்யாமல் எந்த மாதமும் காய்க்கிற ரகங்களை ஆய்வாளர்கள் உருவாக்கிவிட்டார்கள். பெங்களூரின் ஹெப்பாள் அவரை அதில் பேர்பெற்றது. ஆடியிலும் அவரைக்கொட்டை கிடைக்கிறது, விலையும் பரவாயில்லை, பிதுக்கினால் பருப்பும் வருகிறது. ஆனாலும் மார்கழிச் சந்தையில் அவரை வாங்குகிறவர்களைப் பார்த்தால், பலர் விலை கேட்கும் முன் ஒரு காயைக் கையில் எடுப்பார்கள். அதன் தோலில் பிசுபிசுப்பாக, வாசனையோடு ஓர் எண்ணெய்ப் பசை இருக்கும், விரலில் ஒட்டும். கன்னடத்தில் சொகடு என்று அந்த வாசனைக்குத் தனிப்பெயரே உண்டு. பனி விழுந்தால்தான் அது ஏறும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. காயை மூக்கருகே கொண்டுபோய் ஒரு முறை இழுத்துப் பார்ப்பார்கள். வாசனை இருந்தால் அளக்கச் சொல்வார்கள். இல்லாவிட்டால் காயைக் குவியலில் போட்டுவிட்டு, அன்றைக்கு முள்ளங்கி எப்படி என்று கேட்டுக்கொண்டே அடுத்த கூடைக்கு நகர்வார்கள்.